டீ குடித்ததைச் சொன்னவளும் சொல்லாதவளும்

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை பெற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. ஐந்து பேரும் பள்ளிக்கூடம் போனார்கள். நான் போகவில்லை. கடைக்குட்டி வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகியதுதான் என் படிப்பு. அதனால் எழுத்து கோணலாக இருக்கும். வேலையில் கோணல் கிடையாது. வேலம்பாளையம் பக்கம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும்வரை ஆயாவாக இருந்தேன். என் வார்டில் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டுபிடித்தவர் இல்லை. இதை நானாகச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அந்த ஆஸ்பத்திரி இப்போது மாடிமேல் மாடியாக வளர்ந்துவிட்டது. போன வாரம் அங்கிருந்து ஒரு நர்ஸ் பெண் வீடு தேடி வந்தாள்.

"ஆயா, ஆஸ்பத்திரியில மலர் போடறாங்க. நோயாளி பாதுகாப்புன்னு தலைப்பு. டாக்டருங்க எல்லாம் எழுதறாங்க. பழைய ஆளு நீங்க ஒருத்தருதான் இருக்கறீங்க. உங்க காலத்துல எப்படின்னு எழுதிக் குடுங்க."

"எனக்கு எழுத்து நல்லா வராதே கண்ணு."

"நீங்க எழுதுங்க, நாங்க சரி பண்ணிக்கறோம்."

"சரி பண்றதுன்னா நான் எழுத மாட்டேன்" என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்புறம், "அப்படியே போட்டுக்கறோம் ஆயா" என்றாள். இதைப் படித்தபிறகு அப்படியே போடுவார்களா என்று தெரியவில்லை.

நான் முதலில் பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போனபிறகு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கை கழுவக்கூடத் தெரியாது என்று கண்டுபிடித்தவர் ரோஸ்மேரி சிஸ்டர். வார்டுக்குப் பெரிய நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விரல் இடுக்கு, கட்டை விரல், நகத்தடி என்று என் கையைப் பிடித்துத் தேய்த்துக் காட்டினார். "மயிலக்கா, இது உங்க கை இல்ல. உள்ள படுத்திருக்கவங்க உசுரு" என்றார். அதற்குமேல் நான் கற்றதெல்லாம் அவரைப் பார்த்துக் கற்றதுதான்.

சிஸ்டருக்குச் சிரித்த முகம் கிடையாது. பேச்சும் கொஞ்சம். ஆனால் படுத்திருப்பவர்கள் எதை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பில் தங்கம், வெள்ளி எதுவும் இருக்கக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. தாலியையும் கழற்ற வேண்டும். எங்கள் பெண்களுக்கு அது கத்தியைவிடப் பெரிய பயம். சிஸ்டர் கிறிஸ்தவர். இருந்தும் தம் மேஜை டிராயரில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எப்போதும் வைத்திருப்பார். மஞ்சள் கோத்த கயிற்றை முதலில் புருஷன் கையால் கட்டச் சொல்வார். அது கழுத்தில் ஏறின பிறகுதான் தங்கம் இறங்கும். கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்காது. "ரெண்டாந்தரம் கல்யாணமுங்க" என்று ஒரு பெண் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் ஏறியது எனக்கு நினைவிருக்கிறது.

ஆபரேஷன் அன்று காலை சிஸ்டர் கேட்கும் கேள்விக்கும் ஒரு முறை உண்டு. நின்றுகொண்டு கேட்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நாடி பார்ப்பவர்போலக் கையைப் பிடித்துக்கொள்வார். கூட இருப்பவர்களை வெளியே போகச் சொல்வார். பிறகு, "கடைசியா வாயில என்ன போட்டீங்க?" என்பார்.

"ஒண்ணுமில்லீங்க."

"டீ? தண்ணி? வெத்தல? மாத்திர முழுங்க ஒரு வாய்? கோயில் தீர்த்தம்?"

தீர்த்தம் என்றதும் சில பேர் முழிப்பார்கள். அப்போது அவர் குரல் இன்னும் இறங்கும். "நான் திட்ட மாட்டேன். சொன்னா ஆபரேஷன் தள்ளிப் போகும். சொல்லாட்டா நீங்க போயிருவீங்க." இதைச் சோறு போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார்.

ஒரு தடவை ஒரு தோட்டத்துக்காரப் பெரியவர், "ஏனுங்க சிஸ்டரு, எனக்குப் பொண்ணு குடுத்தவங்ககூட இத்தன கேள்வி கேக்கலீங்க" என்றார்.

"அவங்க உங்களுக்கு மயக்கமருந்து குடுக்கலல்லா?" என்றார் சிஸ்டர். வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வயிற்றில் எதுவும் இருக்கக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வரும். விழுங்கவும் துப்பவும் தெரியாமல் கிடக்கிறவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். எனக்கே இது சொல்லிச் சொல்லித்தான் புரிந்தது. எங்கள் பக்கம் வெறும் வயிற்றோடு ஒருத்தரை வெளியே அனுப்புவது பாவம். பஸ் ஏறப் போகிறவரைக்கூட, "ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ சாமி" என்போம். அப்படியிருக்க, கத்தி வைக்கப் போகிற இடத்துக்குப் பெற்ற மகளைப் பட்டினியாக அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? டாக்டருக்கு வெறும் வயிறு பாதுகாப்பு. தாய்க்கு நிறைந்த வயிறு பாதுகாப்பு. இரண்டு பேரும் அந்தப் பெண் பிழைக்கவேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள்.

பெரிய டாக்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். கெட்டவர் இல்லை. கைராசிக்காரர் என்று உடுமலைப்பேட்டையிலிருந்துகூட ஆள் வரும். எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார். ஆனால் கோபம் வந்தால் குரல் வாசல் டீக்கடைவரை கேட்கும். "அவர் திட்டறதே பாதி வைத்தியமுங்க" என்று சனங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். நானும் அப்படிச் சொன்னவள்தான்.

இனி அந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

அன்று காலை வார்டில் இரண்டு பெண்களுக்கு ஆபரேஷன். அடுத்தடுத்த படுக்கை. ஒருத்தி சாயப்பட்டறையில் வேலை செய்கிறவனின் மனைவி. இன்னொருத்தி கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பித்தப்பையில் கல். அவளைப் பூங்கொடி என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பெயர் இல்லை. ஊரையும் எழுத மாட்டேன். அவளுடைய அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார்.

சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பெண்ணிடம் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெடியால எந்திரிச்சதும் ஒரு டீ குடிச்சேனுங்க. தலவலி தாங்கலீங்க" என்றாள்.

"சொன்னது நல்லது" என்றார் சிஸ்டர். அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு டாக்டரிடம் போய்ச் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியாது.

டாக்டர் வார்டுக்குள் வந்தார். "ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொல்லலயா உனக்கு? இது ஆஸ்பத்திரியா டீக்கடையா? மயக்க டாக்டரு கோயமுத்தூர்லிருந்து வந்து ஒக்காந்திருக்காரு. உன் ஒரு டீக்கு எல்லாரும் கையக் கட்டீட்டு நிக்கோணுமா? போ. ஊட்டுக்குப் போ. அடுத்த வாரம் பாக்கலாம்."

அவள் அழுதுகொண்டே பையைக் கட்டினாள். புருஷன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிர்ப் படுக்கைக்காரியின் அக்கா வாய்க்குள்ளேயே, "இவ ஒருத்தி. சொல்லாம இருந்தா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பூங்கொடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி. லீவு கேட்டுக் கேட்டு, ஆபரேஷனைத் தள்ளித் தள்ளி, இந்தத் தடவைதான் சூப்பர்வைசர் விட்டிருந்தார். "இத உட்டா தீவாளி கழிச்சுத்தானுங்க ஆயா" என்று முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

அவளைத்தான் அடுத்துக் கொண்டுபோக வேண்டும். சிஸ்டர் அவளிடம் கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். அப்போது அது உண்மை. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு பிரசவ கேஸ் மோசமாகி வந்தது. ஆபரேஷன் தியேட்டர் அதற்குப் போய்விட்டது. பூங்கொடி காத்திருந்தாள். வெயில் ஏறிற்று. கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொன்னாளாம். வயிறு எரிகிறது என்றாளாம். இதெல்லாம் பின்னால் அவள் அம்மா சொல்லித் தெரிந்தது. நான் அப்போது பிரசவ அறையில் இருந்தேன்.

அம்மா கீழே போய் டீயும் பன்னும் வாங்கிவந்தார். தியேட்டர் இன்றைக்குத் திறக்காது என்று அவராக நினைத்துக்கொண்டார். மகள் பன்னை டீயில் முக்கித் தின்றாள். பாவம், நல்ல பசி.

கொஞ்ச நேரத்தில் தியேட்டர் திறந்துவிட்டது. மயக்க டாக்டருக்கு வேறு ஊரில் வேறு ஆபரேஷன் இருந்தது. "சிஸ்டர், இன்னும் எத்தன நேரம்?" என்று உள்ளேயிருந்து பெரிய டாக்டரின் குரல். நான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினேன். சிஸ்டர் பக்கத்தில் நடந்தார். ஸ்டூல் இல்லை. கையைப் பிடிக்கவில்லை. அம்மாவை வெளியே அனுப்பவில்லை. நடந்துகொண்டே, "காலைல கேட்டதுக்கப்புறம் ஏதும் குடிச்சீங்களா?" என்றார்.

பூங்கொடி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "ஒண்ணும் குடுக்கலீங்க" என்றார். பூங்கொடியும், "இல்லீங்க" என்றாள்.

கதவு மூடிற்று.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. தரையைத் துடைக்கக் கூப்பிட்டபோதுதான் போனேன். டீ நிறம். பன் ஊறிப்போய்க் கிடந்தது. மயக்கம் ஏறும்போதே வந்துவிட்டது, உள்ளே இறங்கிவிட்டது என்றார்கள். மயக்க டாக்டர் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். பூங்கொடியின் கழுத்தில் மஞ்சள் கயிறு நனைந்திருந்தது. அதை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு விடுகிற மிஷினில் வைத்திருந்தார்கள். அங்கேயே போய்விட்டாள்.

ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்னால், பெரிய டாக்டர் வராந்தாவில், "ஆரு குடுத்தது?" என்று கேட்டார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் மறுபடி கேட்க வாயெடுத்தபோது சிஸ்டர் நடுவில் வந்து நின்றுவிட்டார். "இப்ப வேண்டாம் டாக்டர்" என்றார். அப்படி அவர் குறுக்கே நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு டூட்டி ரூமில் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் பேச்சு நடந்தது. நான் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பத் தப்பு என்னோடதா?" என்றார் டாக்டர்.

"உங்களோடது மட்டும்னு சொல்லலை. நானும்தான் நடந்துகிட்டே கேட்டேன். ஆனா காலைல ஒருத்தி உண்மையச் சொன்னா. அவளுக்கு என்ன கெடச்சுதுன்னு இவ படுத்துகிட்டே பாத்தா. அதத்தான் சொல்லுதேன்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து சிஸ்டரிடம் நேராகப் பேசுவதில்லை. சொல்லவேண்டியதை வேறு நர்ஸிடம் சொல்லி அனுப்புவார். வீட்டாரிடம் மயக்கமருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

கருமாதியெல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். சீட்டு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் பார்த்துவிட்டு, துணிகள் வைக்கிற அறைக்குக் கூட்டிப்போனார். என்னையும் இருக்கச் சொன்னார். ஸ்டூலைப் போட்டு அந்த அம்மாவை உட்காரவைத்துவிட்டு, தான் கீழே மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"சிஸ்டரம்மா, ஒண்ணு கேக்கோணுங்க. நான் குடுத்த டீயிலங்களா?"

சிஸ்டர் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"டீயும் பன்னும் வயித்துல இருந்துச்சு. அது நெஞ்சுக்குள்ள எறங்கிருச்சு" என்றார் சிஸ்டர். "ஆனா கேளுங்கம்மா. நீங்க பசி பாத்துக் குடுத்தீங்க. நாங்க நேரமாக்கினோம். காலைல நடந்த சத்தத்துல அவ பயந்துட்டா. நான் உக்காந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பா. கேக்கல. இது உங்க தலைல மட்டும் வைக்கிறதில்ல."

அந்த அம்மா கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஆனால் முதல் வாக்கியத்தோடு அவர் காது அடைத்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. "அப்ப டீயிலதானுங்க" என்றார். எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. சிஸ்டரிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஏனுங்க சிஸ்டர் சொன்னீங்க? மருந்து சேரலன்னே இருந்திருந்தா அந்தம்மா எப்படியோ ஆறியிருக்குமில்லீங்க? செத்தது திரும்பியா வரப்போகுது?"

"அவங்களுக்கு இன்னொரு மக இருக்கா மயிலக்கா" என்றார். குழாயில் போய்க் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கேயே ஏதோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர் டிராயரில் இருந்த மஞ்சளையும் கயிற்றையும் புதுசாக வந்தவர் என்னவென்று தெரியாமல் குப்பையில் போட்டார். பெரிய டாக்டர் அதற்கப்புறம் வார்டில் சத்தம் போட்டதில்லை. ஆனால் யாராவது டீ குடித்தேன் என்று சொன்னால் அவர் முகம் மாறும். படுத்திருக்கிறவர்களுக்கு அந்த முகம் போதும்.

பிறகு அந்த இன்னொரு மகளும் வந்தாள். தலைப்பிரசவம். வலி எடுத்துக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் அந்த அம்மாதான். என்னை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, கேட்பதற்கு முன்பே, "ஒண்ணும் குடுக்கலீங்க. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கலீங்க. சத்தியமாக் குடுக்கலீங்க" என்றார். போகிற வருகிற நர்ஸிடமெல்லாம் சொன்னார். அந்தப் பெண்ணின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. முந்தின நாள் வலி தொடங்கியதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் காட்டவில்லை.

டூட்டி டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இது நார்மல்தான், தண்ணி குடுங்க, கஞ்சி குடுங்க, தெம்பு வேணும்" என்றார். நான் டம்ளரை அந்த அம்மாவிடம் நீட்டினேன். "குடுங்கம்மா. டாக்டரே சொல்லீட்டாங்க" என்றேன். வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மாவால் டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோக முடியவில்லை.

"என்னால ஆகாதுங்க. நீங்களே குடுத்துருங்க" என்று டம்ளரை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டார். நான்தான் கொடுத்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. அந்த அம்மா கதவுக்கு வெளியிலேயே நின்று கேட்டுக்கொண்டார்.

சிஸ்டர் சொன்னது இரண்டாவது மகளைக் காப்பாற்றவா, கொல்லவா என்று அன்று எனக்குப் புரியவில்லை. இன்றும் புரியவில்லை. உண்மையைச் சொன்னது சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் என் கையில் திணித்த அந்த டம்ளர் கண்முன் வரும். நர்ஸ் பெண்களே, நீங்கள் என்னிடம் பாதுகாப்பு என்றால் என்ன என்று கேட்டீர்கள். இப்போது கையில் பெயர் எழுதின பட்டை கட்டுகிறீர்கள், பெயரை இரண்டு தடவை கேட்கிறீர்கள், எல்லாம் நல்லதுதான். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. உண்மையைச் சொன்னவளை அழவைத்து அனுப்பினால், அடுத்த படுக்கைக்காரி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதை எழுத ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. மூன்று தடவை கிழித்துப்போட்டேன். பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிற என் பேத்தி ஞாயிற்றுக்கிழமை என்று வீட்டில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன்.

"கண்ணு, இத ஒருக்கா சத்தமாப் படி. எழுத்துத் தப்பு இருந்தா இருக்கட்டும், அதப் பாக்காத. அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பொஸ்தகம் வந்தா ஆராச்சும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டுவாங்க. அவங்க காதுல எப்படி உழுகுமோ அப்படி நான் கேக்கோணும். எங்கயாச்சும் 'நீதான் கொன்ன'ன்னு கேட்டுச்சுன்னா கையக் காட்டுவேன், அந்த எடத்த அடிச்சுரு. மெல்லப் படி கண்ணு. டீ வர்ற எடத்துல இன்னும் மெல்ல."